மூன்று பைசாத் தரகும் பத்து லட்ச ரூபாய் வைப்பும்

வாசகர் கேள்வி – பதில்

கடந்த சில வாரங்களில் குமரி மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களில் பல, ஃப்யூச்சர்ஸ் எனப்படும் முன்பேர ஒப்பந்தங்களில் (ஒரு பொருளையோ பங்குக் குறியீட்டையோ பின்னொரு தேதியில் இன்ன விலைக்கு வாங்கவோ விற்கவோ இன்றே செய்துகொள்ளும் ஒப்பந்தங்களில்) தினமும் வணிகம் செய்பவர்களுக்கு ஆகும் செலவைப் பற்றியே கேட்கின்றன. ஆகவே இந்த இதழின் கேள்வி – பதில் பகுதியை அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறோம். கீழே வரும் கணக்குகள் 2024 அக்டோபர் 1-ஆம் தேதி நடப்புக்கு வந்த விகிதங்களைக் கொண்டு போடப்பட்டவை. அதன் பிறகு பட்ஜெட்டில் வரி மாறியிருந்தால் வாசகர்கள் அந்த எண்ணை மட்டும் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: ஐயா, மார்த்தாண்டத்தில் எனக்குப் பல ஆண்டுகளாகப் பழக்கமான தரகு அலுவலகத்தில் நிஃப்டி ஃப்யூச்சர்ஸுக்கு மூன்று பைசா தரகு வாங்குகிறார்கள். என் மகனோ செல்பேசிச் செயலியில் ஆர்டருக்கு 20 ரூபாய் கொடுத்து வணிகம் செய்கிறான். அதுதான் மலிவு என்றும் வாதிடுகிறான். மூன்று பைசாவைவிட 20 ரூபாய் எப்படி மலிவாகும் என்பது எனக்கு விளங்கவில்லை.
— ஒரு வாசகர், மார்த்தாண்டம்

பதில்: உங்கள் மகன் சொல்வது சரி. ‘மூன்று பைசா’ என்பது தரகு அலுவலகங்களில் புழங்கும் குறுக்கு வழக்கு. நூறு ரூபாய் மதிப்புள்ள வணிகத்துக்கு மூன்று பைசா, அதாவது 0.03 சதவீதம் என்பது அதன் பொருள். பத்தாயிரம், இருபதாயிரம் ரூபாய்க்குப் பங்கு வாங்கி அன்றே விற்பவருக்கு இந்த முறை சில ரூபாய்களோடு முடிந்துவிடும். ஆனால் ஃப்யூச்சர்ஸில் தரகு கணக்கிடப்படுவது நீங்கள் பிணையாகக் கட்டியிருக்கும் மார்ஜின் தொகையின் மீது அன்று, ஒப்பந்தத்தின் முழு மதிப்பின் மீது. 2024 நவம்பர் 20-ஆம் தேதிக்குப் பிறகு அறிமுகமாகும் நிஃப்டி போன்ற குறியீட்டு ஒப்பந்தங்களின் மதிப்பு 15 லட்சம் ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பங்குச் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி விதித்திருக்கிறது. 15 லட்சத்துக்கு மூன்று பைசா என்றால் 450 ரூபாய். வாங்கும்போது ஒரு முறையும் விற்கும்போது ஒரு முறையும் சேர்த்து 900 ரூபாய். அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 162 ரூபாய். ஆக, ஒரு லாட்டை, அதாவது ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச அளவை, வாங்கி விற்று முடிக்க உங்கள் அலுவலகத்துக்கு 1,062 ரூபாய் கொடுக்கிறீர்கள். உங்கள் மகன் கொடுப்பது ஜிஎஸ்டியும் சேர்த்து 47 ரூபாய் 20 காசு. ஆர்டரின் மதிப்பு ஏறத்தாழ 66,667 ரூபாய்க்குக் கீழே இருந்தால் மட்டுமே மூன்று பைசா 20 ரூபாயைவிடக் குறைவாக வரும். அந்த அளவில் குறியீட்டு ஃப்யூச்சர்ஸ் ஒப்பந்தமே இல்லை.

ஆனால் கணக்கு இத்துடன் முடிவதில்லை. தரகு போக எஞ்சியவற்றையும் பார்த்தால்தான் 20 ரூபாய் எந்த இடத்தில் நிற்கிறது என்பது தெரியும். 15 லட்சம் ரூபாய் ஒப்பந்தத்தை வாங்கி, ஏறத்தாழ அதே விலைக்கு விற்றதாக வைத்துக்கொள்வோம். 2024 அக்டோபர் விகிதப்படி பங்குப் பரிவர்த்தனை வரி விற்கும் பக்கத்தில் மட்டும் 0.02 சதவீதம், அது 300 ரூபாய். தேசியப் பங்குச் சந்தை ஒவ்வொரு பக்கத்துக்கும் லட்சத்துக்கு 1 ரூபாய் 73 காசு வாங்குகிறது. இரு பக்கமும் 30 லட்சத்துக்கு 51 ரூபாய் 90 காசு. முத்திரைத் தீர்வை வாங்கும் பக்கத்தில் மட்டும் 0.002 சதவீதம், 30 ரூபாய். செபியின் கட்டணம் கோடிக்குப் பத்து ரூபாய் வீதம் 3 ரூபாய். தரகு 40 ரூபாய். தரகு, சந்தைக் கட்டணம், செபி கட்டணம் ஆகிய மூன்றின் மீதும் ஜிஎஸ்டி 17 ரூபாய் 8 காசு. எல்லாம் கூட்டினால் 441 ரூபாய் 98 காசு வருகிறது. இந்த 442 ரூபாயில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மத்திய அரசுக்குப் போகும் பரிவர்த்தனை வரி. தரகும் அதன் ஜிஎஸ்டியும் சேர்ந்து பதினொரு சதவீதத்தைக்கூட எட்டவில்லை.

மேலும், 20 ரூபாய் என்பது ஆர்டருக்கு, லாட்டுக்கு அன்று. ஒரே ஆர்டரில் ஐந்து லாட் வாங்கி ஒரே ஆர்டரில் விற்பவருக்கு மற்ற எல்லாச் செலவுகளும் ஐந்து மடங்காகும்; தரகு மட்டும் அதே 40 ரூபாயில் நிற்கும். அவருடைய மொத்தச் செலவு ஏறத்தாழ 2,021 ரூபாய், அதில் தரகின் பங்கு இரண்டேகால் சதவீதம் அளவு. உங்களுடைய மூன்று பைசா முறையிலோ தரகும் லாட்டோடு சேர்ந்து ஐந்து மடங்காகிவிடும்.

பழகிய இடத்தை விட்டுவிடுங்கள் என்று சொல்ல நான் முன்வரவில்லை. இந்தப் பகுதியை எழுதும் நானே பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தரகு அலுவலகத்தில் மூன்று பைசாவின் பொருள் தெரியாமல் ஓர் ஆண்டு வணிகம் செய்து, அன்றன்றைய வணிகத்தையும் செலவையும் காட்டும் கான்ட்ராக்ட் நோட்டை ஒரு நாளும் திறந்து பார்க்காமல் இருந்தவன். அலுவலகத்தாரிடம் கேட்டால் விகிதத்தைக் குறைப்பார்கள். நான் கேட்டவுடனேயே ஒரு பைசாவாக்கினார்கள். நீங்கள் முதலில் அதைக் கேட்டுப் பாருங்கள். ஆனால் ஒரு பைசாவும் 15 லட்சத்துக்குப் பக்கத்துக்கு 150 ரூபாய் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

கேள்வி: ஃப்யூச்சர்ஸ் செலவில் தரகு ஒரு சிறு பகுதிதான் என்று நீங்கள் முன்பும் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் தனிநபர்கள் செலவிட்டதில் பாதிக்கு மேல் தரகுதான் என்று செபியின் அறிக்கையே சொல்வதாகப் படித்தேன். இரண்டில் எது உண்மை?
— ஒரு வாசகர், கருங்கல்

பதில்: இரண்டும் உண்மையே. செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2021–22 முதல் 2023–24 வரையிலான மூன்று ஆண்டுகளில் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் இரண்டிலும் சேர்த்துத் தனிநபர்கள் வணிகச் செலவாக மட்டும் ஏறத்தாழ 50,000 கோடி ரூபாய் கொடுத்திருக்கிறார்கள். அதில் 51 சதவீதம் தரகு, 20 சதவீதம் சந்தைக் கட்டணம். இந்த எண்ணுக்குக் காரணம் ஆப்ஷன். குறித்த விலைக்கு வாங்கவோ விற்கவோ உரிமை மட்டும் தரும் ஒப்பந்தம் அது; அந்த உரிமைக்குக் கொடுக்கும் விலையே பிரீமியம்.

ஆப்ஷனில் வரியும் சந்தைக் கட்டணமும் ஒப்பந்தத்தின் முழு மதிப்பின் மீது விழுவதில்லை, பிரீமியத்தின் மீது மட்டுமே விழுகின்றன. ஒருவர் 3,000 ரூபாய் பிரீமியத்துக்கு ஓர் ஆப்ஷனை வாங்கி, அதே விலைக்கு விற்கிறார் என்று கொள்வோம். அதே 2024 அக்டோபர் விகிதப்படி பரிவர்த்தனை வரி 0.1 சதவீத வீதம் 3 ரூபாய். சந்தைக் கட்டணம் இரு பக்கமும் சேர்த்து 2 ரூபாய் 10 காசு. முத்திரைத் தீர்வை பத்துக் காசுக்கும் குறைவு. தரகு மட்டும் அதே 40 ரூபாய், ஜிஎஸ்டியுடன் 47 ரூபாய் 20 காசு. மொத்தச் செலவு 53 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு என்றால் அதில் பத்தில் ஒன்பது பங்கு தரகாகிவிடுகிறது. 15 லட்சம் ரூபாய் ஃப்யூச்சர்ஸுக்குக் கடுகளவாகத் தெரிந்த 20 ரூபாய், 3,000 ரூபாய் ஆப்ஷனுக்கு வாங்கவும் விற்கவும் சேர்ந்து ஒன்றேகால் சதவீதத்துக்கும் மேற்பட்ட கட்டணமாகிறது. ‘ஆர்டருக்கு 20 ரூபாய்’ என்ற விளம்பரம் யாருக்குச் சலுகை, யாருக்குச் சுமை என்பது ஆர்டரின் அளவைப் பொறுத்தது. சிறு தொகையில் ஆப்ஷன் வாங்குபவர் ஒரு நாளில் நாற்பது ஆர்டர் போட்டால், சந்தை எந்தப் பக்கம் போனாலும் 944 ரூபாய் கணக்கிலிருந்து போய்விடும்.

அதே ஆய்வில்தான், அந்த மூன்று ஆண்டுகளில் தனிநபர்களில் 93 சதவீதத்தினர் நட்டம் அடைந்தனர் என்றும், நட்டம் செலவுகளையும் சேர்த்துச் சராசரியாகத் தலைக்கு ஏறத்தாழ 2 லட்சம் ரூபாய் என்றும் கண்டிருக்கிறார்கள். தரகைக் குறைப்பது பற்றி எங்களுக்கு வரும் கடிதங்களின் எண்ணிக்கையில் பாதிகூட இந்த எண்ணைப் பற்றி வருவதில்லை.

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, நானும் என் நண்பர்கள் இருவரும் நாகர்கோவிலில் ஓர் அறை எடுத்து, தினமும் ஃப்யூச்சர்ஸ் வணிகம் செய்துவருகிறோம். மூவருமாக நாளொன்றுக்குப் பதினைந்து முறையாவது வாங்கி விற்கிறோம். இவ்வளவு தரகு கொடுப்பதற்குப் பதிலாக நாங்களே தேசியப் பங்குச் சந்தையில் உறுப்பினராகிவிட்டால் என்ன? அதற்கு எவ்வளவு ஆகும்? எத்தனை ஆண்டில் அந்தப் பணம் திரும்ப வரும்?
— ஒரு வாசகர், வடசேரி, நாகர்கோவில்

பதில்: உங்கள் கேள்வியில் ஒரு பழைய நினைவு ஒளிந்திருக்கிறது. முன்பு சென்னை, கோயம்புத்தூர், கொச்சி ஆகிய ஊர்களில் வட்டாரப் பங்குச் சந்தைகள் இருந்தன. உறுப்பினர் உரிமையைக் ‘கார்டு’ என்பார்கள். அது நிலம் போல ஒரு சொத்து, விலை ஏறும், விற்கலாம். அந்த மூன்று சந்தைகளும் முறையே 2015, 2013, 2014-ஆம் ஆண்டுகளில் செபியின் அனுமதியுடன் தொழிலிலிருந்து விலகிவிட்டன. தேசியப் பங்குச் சந்தை 1994-இல் வணிகத்தைத் தொடங்கியபோதே வேறு முறையை எடுத்துக்கொண்டது. சந்தையின் உடைமை வேறு, அதில் வணிகம் செய்யும் உரிமை வேறு என்று பிரித்து, வைப்புத் தொகை கட்டியவருக்கு உரிமை என்று ஆக்கியது. ஆகவே இன்று நீங்கள் உறுப்பினராவது ஒரு சொத்து வாங்குவதாகாது. பணத்தை வட்டியில்லாமலோ, அசையாமலோ ஓரிடத்தில் வைத்துவிட்டு, ஒரு தொழில் நிறுவனத்தை நடத்தும் பொறுப்பை ஏற்பதாகும்.

முதலில் வரவுப் பக்கம். மூவருமாக நாளுக்குப் பதினைந்து முறை, மாதத்துக்கு இருபது வணிக நாட்கள் என்றால் 300 முறை. ஒவ்வொரு முறையும் ஒரு லாட் என்று கொண்டால் மாதச் செலவு ஏறத்தாழ 1,32,600 ரூபாய். உறுப்பினரானால் இதில் எது குறையும் என்பதே கேள்வி. பரிவர்த்தனை வரி உறுப்பினருக்கும் அதே விகிதம்தான். முத்திரைத் தீர்வையும் செபி கட்டணமும் அப்படியே. சந்தைக் கட்டணத்தில் முன்பு ஒரு வேறுபாடு இருந்தது: மாத வணிகம் பெருகப் பெருகச் சந்தை தன் கட்டணத்தைப் படிப்படியாகக் குறைத்து வாங்கியது, பெரிய தரகு நிறுவனங்கள் வாடிக்கையாளரிடம் முதல் படியின் விகிதத்தை வசூலித்து, சந்தைக்குக் கடைசிப் படியின் விகிதத்தைக் கட்டி, இடையிலுள்ளதைத் தம்மிடம் வைத்துக்கொண்டன. செபி 2024 ஜூலை 1-ஆம் தேதி வெளியிட்ட சுற்றறிக்கை அந்த வழியை அடைத்தது. வாடிக்கையாளரிடம் வாங்குவதும் சந்தைக்குக் கட்டுவதும் ஒன்றாகவே இருக்க வேண்டும், எல்லா உறுப்பினருக்கும் ஒரே விகிதமே என்றது அந்தச் சுற்றறிக்கை; அக்டோபர் 1 முதல் அது நடப்பில் இருக்கிறது. எனவே சந்தைக் கட்டணத்திலும் உங்களுக்கு ஒரு காசு மிச்சமில்லை. குறைவது தரகு மட்டுமே. 300 முறைக்கு ஜிஎஸ்டியுடன் 14,160 ரூபாய். மாதம் 1,32,600 ரூபாய் செலவழிப்பவர், உறுப்பினரான பிறகும் 1,18,000 ரூபாய்க்கு மேல் செலவழித்துக்கொண்டுதான் இருப்பார்.

இனிச் செலவுப் பக்கம். செபி 2012 டிசம்பரில் வகுத்த விதிப்படி, தன் சொந்தக் கணக்கில் மட்டும், கணினி தானாக ஆர்டர் போடும் அல்கோ முறை இல்லாமல் வணிகம் செய்யும் உறுப்பினர் அடிப்படை மூலதனமாகப் பத்து லட்சம் ரூபாய் வைப்பாகக் கட்ட வேண்டும். வாடிக்கையாளருக்காக மட்டும் செய்தால் 15 லட்சம், இரண்டும் செய்தால் 25 லட்சம், அல்கோ முறை இருந்தால் யாராயினும் 50 லட்சம். இந்தத் தொகையைக் காட்டி மார்ஜின் பெற முடியாது. அது பாட்டுக்குக் கிடக்கும். சந்தையும், வணிகங்களைத் தீர்த்துப் பணத்தைக் கைமாற்றும் தீர்வு நிறுவனமும் தத்தமக்குரிய வைப்புகளைத் தனியே கேட்கும். இவற்றுக்கெல்லாம் மேலாக, செபியின் திருத்தப்பட்ட விதிகள் உறுப்பினரின் நிகர மதிப்பைக் கோடிக் கணக்கில் எதிர்பார்க்கின்றன. வீடும் தோட்டமும் இருக்கிறதே என்று அதை மேலோட்டமாக எண்ணிவிடக் கூடாது. நிகர மதிப்பைக் கணக்கிடும் முறையில் நிலையான சொத்துகள் கழிக்கப்பட்டுவிடும்.

நீங்கள் மூவர் என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. மூவரும் கூட்டாண்மை நிறுவனமாகச் சேர்ந்து, நிறுவனத்தின் பணத்தில் நிறுவனத்தின் பெயரில் வணிகம் செய்தால் அது சொந்தக் கணக்கு. லாபமும் நட்டமும் நிறுவனத்துடையது. மூவரும் இப்போதுபோல் தத்தம் கணக்கில் தனித்தனியே செய்ய விரும்பினால், ஒருவர் உறுப்பினர், மற்ற இருவர் அவருடைய வாடிக்கையாளர்கள் என்றாகிவிடும். அப்போது பத்து லட்சம் 25 லட்சமாவதோடு, வாடிக்கையாளர் பணத்தைத் தனிக் கணக்கில் வைத்திருப்பது முதலான விதிகள் அனைத்தும் உங்கள் ஓரறை அலுவலகத்தின் மீது வந்து இறங்கும்.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. வணிக உறுப்பினர் ஆவதால் மட்டும் ஒப்பந்தங்கள் தீர்வாகிவிடுவதில்லை. சுயமாகத் தீர்வு செய்யும் தகுதிக்கு மூலதனம் இன்னும் கூடுதலாக வேண்டும். அது இல்லாதவர் ஒரு தீர்வு உறுப்பினரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, அவரிடம் பிணையம் வைத்து, அவருக்குக் கட்டணம் கொடுக்க வேண்டும். தரகை வாசல் வழியே அனுப்பிவிட்டு வேறு பெயரில் அதைச் சன்னல் வழியே உள்ளே அழைப்பது போன்றது இது. பிறகு விதிகள் கடைப்பிடிக்கப்படுகின்றனவா என்று பார்க்கும் இணக்க அதிகாரி ஒருவரை நியமிக்க வேண்டும், அவர் அதற்கென என்ஐஎஸ்எம் என்னும் பங்குச் சந்தைக் கல்வி நிறுவனம் நடத்தும் தேர்வில் தேறியவராக இருக்க வேண்டும். ஆர்டர் போடுபவருக்கும் தனித் தேர்வு உண்டு. உள்தணிக்கை, கணினி அமைப்புத் தணிக்கை, இணையப் பாதுகாப்புத் தணிக்கை, காலமுறை அறிக்கைகள், அவற்றைத் தாமதமாகத் தந்தால் அபராதம் என்று பட்டியல் நீளும். உங்களுக்கு மிச்சமாகும் 14,160 ரூபாய் அந்த இணக்க அதிகாரியின் ஒரு மாதச் சம்பளத்துக்கே போதாது. நீங்கள் மூன்று மடங்கு வேகமாக வணிகம் செய்து மிச்சத்தை 42,480 ரூபாயாக ஆக்கினாலும் என் கருத்து மாறாது. ஏனென்றால் அந்த வேகத்தில் வரிச் செலவு மட்டும் மாதம் 2,70,000 ரூபாயாகிவிடும்.

ஆகவே, ‘எத்தனை ஆண்டில் திரும்ப வரும்’ என்பதற்கு விடை, உங்கள் அளவில் திரும்ப வராது என்பதே. உறுப்பினர் உரிமை பொருந்துவது இரு வகையினருக்கு. ஒரு நாளில் ஆயிரக்கணக்கான ஆர்டர்களைக் கணினி வழியே அனுப்பும் நிறுவனம் ஒன்று. அங்கே ஆர்டருக்கு 20 ரூபாய் என்பது தாங்க முடியாத தொகை. பிறருக்காக வணிகம் செய்து தரகு சம்பாதிக்க நினைப்பவர் மற்றொன்று. தோவாளைப் பூச்சந்தையில் பூக்கட்டுபவர் ஒருவர், கமிஷன் கடைக்குக் கொடுக்கும் பணத்தை எண்ணிப் பார்த்துத் தானே கமிஷன் கடை வைக்கலாமா என்று யோசித்தால், அவர் தொழிலையே மாற்றிக்கொள்ளலாமா என்று யோசிக்கிறார் என்று பொருள். உங்கள் யோசனையும் அத்தகையதே.

செலவைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் கைக்கு எட்டும் இடம் வேறு இருக்கிறது. சந்தை விலைக்கே வாங்கு என்று ஆர்டர் போடும்போது, திரையில் கண்ட விலைக்கும் கிடைத்த விலைக்கும் இடையில் ஒரு புள்ளி நழுவினால், 65 முதல் 75 வரை எண்ணிக்கை கொண்ட லாட்டில் 65 முதல் 75 ரூபாய் போகிறது. இது வாங்கவும் விற்கவும் சேர்த்துக் கொடுக்கும் தரகைவிட அதிகம். இந்த நழுவல் கான்ட்ராக்ட் நோட்டில் எந்த வரியிலும் அச்சாவதில்லை. ஒரு மாதத்துக்கு ஒவ்வொரு ஆர்டரிலும் நினைத்த விலையையும் கிடைத்த விலையையும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். பதினைந்து முறையில் ஐந்து முறை அவசியமில்லாமல் உள்ளே போனீர்கள் என்று அந்த நோட்டு காட்டினால், அந்த ஐந்தை விட்டாலே மாதம் 44,000 ரூபாய்க்கு மேல் மிஞ்சும். எந்த உறுப்பினர் உரிமையும் உங்களுக்கு அவ்வளவு மிச்சப்படுத்தித் தராது.

கேள்வி: என் தம்பி அமெரிக்காவில் சிகாகோ நகரத்தில் வேலை பார்க்கிறான். அங்கே சந்தையின் இருக்கையை மாத வாடகைக்கு எடுத்தால் கட்டணம் குறையும், நிறையப் பேர் அப்படிச் செய்கிறார்கள் என்கிறான். அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது? நான் அவன் மூலமாக அங்கே வணிகம் செய்யலாமா?
— ஒரு வாசகர், தக்கலை

பதில்: உங்கள் தம்பி சொல்வது உண்மை. சிகாகோவின் முன்பேரச் சந்தையான சிஎம்இ 2000-இல் பங்கு நிறுவனமாக மாறி, 2002-இல் பொதுப் பங்கு வெளியிட்ட பிறகும், இருக்கை என்னும் உறுப்பினர் உரிமையைக் கைவிடவில்லை. அவற்றில் பல பிரிவுகள் உண்டு. குறியீட்டு ஒப்பந்தங்களுக்கு ஐஓஎம் என்னும் பிரிவு. இருக்கையை விலைக்கு வாங்கலாம், மாத வாடகைக்கும் எடுக்கலாம். வாடகையைச் சந்தையின் தேவையே தீர்மானிக்கிறது. நம் நாட்டு முறையிலிருந்து அது வேறுபடும் இடம் ஒன்றுதான். ஆனால் எல்லாம் அதைப் பொறுத்தே இருக்கிறது. அங்கே பரிவர்த்தனை வரி கிடையாது. அடிக்கடி வணிகம் செய்பவரின் செலவில் பெரிய பகுதி சந்தைக் கட்டணம். அந்தக் கட்டணத்தையே உறுப்பினருக்குக் குறைத்து வாங்குகிறார்கள். எஸ் அண்ட் பி 500 குறியீட்டின் ஈ-மினி ஒப்பந்தத்தில் உறுப்பினரல்லாதவர் ஒரு பக்கத்துக்குக் கொடுக்கும் சந்தைக் கட்டணம் ஒரு டாலருக்குச் சற்று மேல். ஓர் எடுத்துக்காட்டுக்காக, உறுப்பினரானால் பக்கத்துக்கு 80 சென்ட் மிச்சமாகிறது, இருக்கை வாடகை மாதம் 400 டாலர் என்று வைத்துக்கொண்டால், மாதம் 500 பக்கங்களில், அதாவது 250 முறை வாங்கி விற்பதில் வாடகை ஈடாகிவிடும்; அதற்கு மேல் எல்லாம் மிச்சம். இங்கேயோ செலவின் பெரும் பகுதி அரசின் வரி. சந்தைக் கட்டணம் அனைவருக்கும் ஒன்று. ஆகவே அந்தக் கணக்கு இங்கே பொருந்தாது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை, கூடாது என்பது. ஆண்டுக்கு 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிக்கும் திட்டத்தில், வெளிநாட்டுச் சந்தைகளுக்கு மார்ஜின் கட்டப் பணம் அனுப்புவது வெளிப்படையாகத் தடை செய்யப்பட்டிருக்கிறது. தம்பியின் கணக்குக்கு வேறு காரணம் சொல்லி அனுப்பி வணிகம் செய்வது உங்கள் இருவருக்குமே சிக்கலைத் தரும். தம்பி அங்கே சம்பாதித்த பணத்தில் அங்கே தன் பெயரில் செய்வது அவருடைய விருப்பம்.

கேள்வி: தரகே இல்லை, பூஜ்யம் என்று விளம்பரம் செய்கிறார்களே, நம்பலாமா?
— ஒரு வாசகி, குளச்சல்

பதில்: தரகு என்ற வரியில் பூஜ்யம் இருக்கலாம். மற்ற வரிகளைப் பாருங்கள். மாதச் சந்தா, தொலைபேசியில் ஆர்டர் சொன்னால் தனிக் கட்டணம், நீங்கள் முடிக்காமல் விட்ட ஒப்பந்தத்தை, அதாவது நிலையை, அவர்களே மூடினால் தனிக் கட்டணம், பங்குகளை அடகு வைக்கவும் மீட்கவும் கட்டணம் என்று அவை பிரிந்து கிடக்கும். இவற்றில் பெரியது வட்டி. அடுத்த நாளுக்குக் கொண்டுசெல்லும் ஃப்யூச்சர்ஸ் நிலைக்கான மார்ஜினில் பாதியாவது பணமாகவோ, பணத்துக்கு நிகரானதாகவோ இருக்க வேண்டும். வீட்டிலுள்ள பங்குகளை அடகு வைத்தே முழு மார்ஜினையும் காட்டினால், குறையும் பாதிக்கு நாள் கணக்கில் வட்டி ஏறும். ஒரு லட்சம் ரூபாய் குறைவுக்கு ஆண்டுக்கு 18 சதவீதம் என்றால் நாளொன்றுக்கு 49 ரூபாய். சனி, ஞாயிறுக்கும் உண்டு. இது கான்ட்ராக்ட் நோட்டில் வராது, தரகரிடமுள்ள உங்கள் பணக் கணக்கான லெட்ஜரில்தான் வரும். பலர் லெட்ஜரைத் திறப்பதே இல்லை.

கேள்வி: கொடுத்த தரகையும் பரிவர்த்தனை வரியையும் வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியுமா?
— ஒரு வாசகர், குழித்துறை

பதில்: முடியும். அங்கீகரிக்கப்பட்ட சந்தையில் செய்யும் ஃப்யூச்சர்ஸ் வணிகத்தின் வருமானம் ஊகமல்லாத தொழில் வருமானமாகக் கொள்ளப்படுகிறது. தரகு, பரிவர்த்தனை வரி, சந்தைக் கட்டணம், இணையச் செலவு ஆகியவை தொழில் செலவாகும். நட்டம் வந்தால் எட்டு ஆண்டுகள் வரை முன்னே கொண்டுசெல்லலாம். ஆனால் படிவத்தைக் கெடு தேதிக்குள் கொடுத்திருக்க வேண்டும். நட்டம்தானே, எதற்குப் படிவம் என்று இருந்துவிடுபவர்கள் இந்த உரிமையை இழக்கிறார்கள்.

கேள்வி: நாகர்கோவிலில் சிறிய நகைக்கடை வைத்திருக்கிறேன். கையிருப்புத் தங்கத்தின் விலை இறங்கினால் நட்டம் வராதிருக்க எம்சிஎக்ஸ் என்னும் சரக்குச் சந்தையில் முன்பேரமாக விற்று வைக்கலாம் என்கிறார்கள். அடிக்கடி வணிகம் செய்பவன் அல்லன். எனக்கும் இந்தத் தரகுக் கணக்கெல்லாம் பொருந்துமா?
— ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: உங்களுக்குத் தரகு ஒரு பொருட்டே அன்று. கோல்டு மினி ஒப்பந்தம் 100 கிராம். அதன் மதிப்பு பத்து லட்சம் ரூபாய் என்று கொண்டால், விற்று, ஒரு மாதம் கழித்துத் திரும்ப வாங்க ஆகும் செலவு இது: சரக்குப் பரிவர்த்தனை வரி 0.01 சதவீதம், 100 ரூபாய். சந்தைக் கட்டணம் லட்சத்துக்கு 2 ரூபாய் 10 காசு வீதம் 42 ரூபாய். முத்திரைத் தீர்வை 20 ரூபாய். செபி கட்டணம் 2 ரூபாய். தரகு 40 ரூபாய். ஜிஎஸ்டி 15 ரூபாய் 12 காசு. கூட்டினால் 219 ரூபாய். மார்ஜினாக ஒரு லட்சம் ரூபாயை முடக்கி வைப்பதாகக் கொண்டால், அதற்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் ஆகிறது.

நீங்கள் பார்க்க வேண்டியது கைப்பணம். தங்கம் ஏறினால் சந்தையில் நீங்கள் விற்ற ஒப்பந்தத்தின் நட்டத்தை அன்றன்றே ரொக்கமாகக் கட்ட வேண்டும். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் நகையின் மதிப்பு அதே அளவு ஏறியிருந்தாலும் அதைக் கொண்டு கட்ட முடியாது. கிராமுக்கு 300 ரூபாய் ஏறினால் அன்று மாலை 30,000 ரூபாய் வேண்டும். அதை எங்கிருந்து எடுப்பீர்கள் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். தங்க ஒப்பந்தங்களில் சரக்கைக் கட்டாயமாக ஒப்படைக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. எனவே ஒப்படைப்புக்கான டெண்டர் காலம் தொடங்கும் முன்பே அந்த மாத ஒப்பந்தத்தை முடித்து, அடுத்த மாதத்துக்கு மாறிவிட வேண்டும். அப்படி மாறும் ஒவ்வொரு முறையும் அந்த 219 ரூபாய் மீண்டும் செலவாகும்.

நம் மாவட்டத்தின் ரப்பர் வியாபாரிகளுக்கு இன்னொன்றும் நினைவிருக்கும். 2008 மே மாதம் ரப்பர், கொண்டைக்கடலை, சோயா எண்ணெய், உருளைக்கிழங்கு ஆகிய நான்கின் முன்பேர வணிகத்தையும் அரசு நிறுத்தி வைத்தது. அவ்வாண்டின் இறுதியில்தான் தடை நீங்கியது. அந்த மாதங்களில் ரப்பர் ஷீட்டைக் கிடங்கில் வைத்திருந்தவர்களுக்கு விலையைக் காத்துக்கொள்ள அந்த வழி அடைபட்டிருந்தது. தங்கத்துக்கு அப்படி நேரவில்லை என்றாலும், கையிருப்பு முழுவதையும் சந்தையில் விற்று வைக்காமல், கடனில் வாங்கிய தங்கத்தின் அளவுக்கு மட்டும் விற்று வைப்பது உங்கள் அளவிலான கடைக்குப் போதும்.